முன்னாள் ராணுவத்தினருக்கான முன்னுரிமை கிடைக்கவில்லையா? 60 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது

கேள்வி: ஐயா, நான் மதுரைப் பக்கம் பிறந்தவன். அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வந்தேன். வெளிநாட்டவரை அமெரிக்க ராணுவத்தில் சேர்க்கும் மாவ்னி திட்டத்தில் தமிழ் தெரிந்தவர்களையும் எடுத்தார்கள் என்பதால் ராணுவத்தில் சேர்ந்தேன். 2012 முதல் 2016 வரை பணி. குடியுரிமையும் அப்போதே வந்துவிட்டது. போர்க்களத்துக்கு என்னை அனுப்பவில்லை. பயிற்சியில் முழங்காலில் பட்ட அடிக்காக விஏ (முன்னாள் ராணுவத்தினர் நலத்துறை) எனக்கு 10 சதவீத ஊனம் என்று மதிப்பிட்டு மாதாமாதம் பணம் தருகிறது. இப்போது டெக்சாஸில் இருக்கிறேன்.

மத்திய அரசு வேலைகளுக்கான யுஎஸ்ஏஜாப்ஸ் இணையதளத்தில் ஜிஎஸ்-9 நிலையிலுள்ள லாஜிஸ்டிக்ஸ் வேலைகள் இரண்டுக்கு விண்ணப்பித்தேன். முதலாவது பொதுமக்கள் எல்லாருக்கும் திறந்த அறிவிப்பு. அதில் ‘தகுதி உண்டு, ஆனால் தேர்வு அதிகாரிக்கு அனுப்பவில்லை’ என்று 38 நாளுக்கு முன்பு மின்னஞ்சல் வந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கான ஐந்து புள்ளி முன்னுரிமை கேட்டிருந்தேன். அந்த இடத்தில் ‘என்வி’ (முன்னுரிமை இல்லை) என்று போட்டிருந்தார்கள். டிடி-214 (ராணுவத்திலிருந்து விடுவித்த சான்று), விஏ கடிதம் இரண்டையும் ஏற்றியிருந்தேன். எஸ்எஃப்-15 என்று ஒரு படிவம் இருப்பதே தெரியாது. இரண்டாவது, பெரும்பாலும் ஏற்கெனவே அரசு ஊழியராக இருப்பவர்களுக்கான மெரிட் புரமோஷன் அறிவிப்பு. என் பெயர் பட்டியலில் போனது. ஆனால் ராணுவத்தில் ஒருநாள்கூட இல்லாத ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். ஹெச்ஆருக்கு எழுதினால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்கிறார்கள். ஒரு நண்பர் பாகுபாட்டுப் புகார்களைப் பார்க்கும் இஇஓ-வுக்குப் போ என்கிறார், இன்னொருவர் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுது என்கிறார். மேல்முறையீடு செய்தால் வேலை கிடைக்குமா?

பதில்:

உங்கள் கடைசிக் கேள்வியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 38 நாள். முன்னுரிமைச் சட்டத்தை மீறினார்கள் என்று புகார் செய்ய, மீறல் நடந்த தேதியிலிருந்து 60 நாள்தான் அவகாசம். மின்னஞ்சல் தேதியை வைத்துக் கணக்குப் போட்டாலே 22 நாள்தான் பாக்கி. பட்டியல் தயாரானது மின்னஞ்சலுக்குச் சில நாள் முன்பாகவும் இருக்கலாம். அதனால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். ஹெச்ஆரின் ‘பரிசீலனையில் உள்ளது’ இந்தக் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்திவைக்காது. தக்க காரணம் இருந்தால் கெடுவைத் தளர்த்தலாம் என்று ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் 2007-இல் சொல்லியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ‘பதில் வரும் என்று காத்திருந்தேன்’ என்பதைத் தக்க காரணமாக ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

அடுத்து, உங்களுக்குக் கசப்பான ஒரு விஷயம். நீங்கள் கேட்ட ஐந்து புள்ளி உங்களுக்குக் கிடையாது. ராணுவத்தில் இருந்துவிட்டு நல்லபடியாக வெளியே வந்தவர் எல்லாருக்கும் ஐந்து புள்ளி என்று நம் ஆட்களில் மட்டுமல்ல, அமெரிக்கர்களிலேயே பாதிப் பேர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி இல்லை. எந்தக் காலத்தில் பணியில் இருந்தீர்கள் என்பதைத்தான் அது பார்க்கிறது. 2001 செப்டம்பர் 11-க்கும் 2010 ஆகஸ்ட் 31-க்கும் இடையில் ஒரு பகுதியாவது வரும்படி 180 நாளுக்கு மேல் தொடர்ந்து பணியில் இருந்தவருக்கு உண்டு. நீங்கள் சேர்ந்தது 2012. அதற்குப் பிறகு சேர்ந்தவர், களப் பதக்கம் அல்லது எக்ஸ்பெடிஷனரி பதக்கம் வழங்கப்பட்ட ஒரு நடவடிக்கையில் பங்கெடுத்திருக்க வேண்டும்.

உங்கள் டிடி-214-ஐ எடுத்து 13-ஆம் கட்டத்தைப் பாருங்கள். உள்நாட்டிலேயே இருந்தவர் என்றால் அங்கே பெரும்பாலும் நேஷனல் டிஃபென்ஸ் சர்வீஸ் மெடல், குளோபல் வார் ஆன் டெரரிசம் சர்வீஸ் மெடல், ஆர்மி சர்வீஸ் ரிப்பன் என்று இருக்கும். பார்க்கக் கம்பீரமாக இருந்தாலும் முன்னுரிமைக்கு இந்த மூன்றும் உதவாது. அதே பெயரில் ‘சர்வீஸ்’ என்ற சொல்லுக்குப் பதில் ‘எக்ஸ்பெடிஷனரி’ என்று இருந்தால் உதவும். ஆஃப்கானிஸ்தான் கேம்பெய்ன் மெடல் இருந்தாலும் உதவும். அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் வழக்கு வரை போய்த் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஆக, டிடி-214-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் ஹெச்ஆர் ‘என்வி’, அதாவது முன்னுரிமை இல்லை, என்று போட்டது சரிதான்.

ஆனால் அவர்கள் கையில் டிடி-214 மட்டுமா இருந்தது? விஏ கடிதமும் இருந்தது என்கிறீர்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. பணியால் வந்த ஊனத்துக்கு விஏ 10 சதவீதமோ அதற்கு மேலோ இழப்பீடு கொடுத்தால், நீங்கள் எந்த ஆண்டில் பணியாற்றினீர்கள், களத்துக்குப் போனீர்களா என்ற கேள்வியே எழாது. நீங்கள் பத்துப் புள்ளிக்காரர். 10 முதல் 30-க்குள் என்றால் குறியீடு ‘சிபி’. 30-உம் அதற்கு மேலும் என்றால் ‘சிபிஎஸ்’. ஐந்து புள்ளிக்குரிய ‘டிபி’யைத் தேர்ந்தெடுத்தபோது, இல்லாத உரிமையைக் கேட்டு, இருக்கிற அதைவிடப் பெரிய உரிமையைக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள்.

புள்ளி என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, பல அறிவிப்புகளில் இப்போது யாருக்கும் எண்ணைக் கூட்டுவதில்லை. விண்ணப்பதாரர்களை இரண்டு மூன்று தரப்பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். உங்கள் மின்னஞ்சலின் வாசகத்தைப் பார்த்தால் அங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கும் போலிருக்கிறது. அறிவிப்பில் ‘கேட்டகரி ரேட்டிங்’ என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் ‘சிபி’, ‘சிபிஎஸ்’ காரர்கள் அடிப்படைத் தகுதி பெற்றுவிட்டாலே போதும், மிக உயர்ந்த பிரிவில் வைத்தாக வேண்டும். அங்கேயும் முன்னுரிமை இல்லாதவர்களுக்கு மேலே வைக்க வேண்டும். ஜிஎஸ்-9-உம் அதற்கு மேலுமான விஞ்ஞான, புரொஃபஷனல் பதவிகளுக்கு மட்டும் இந்த விதி கிடையாது. பொறியாளர், மருத்துவர் போன்ற வேலைகள் அந்த வகை. லாஜிஸ்டிக்ஸ் மேனேஜ்மென்ட் நிர்வாக வகையில் வருகிறது, அதனால் அந்த விலக்கு உங்களைத் தொடாது.

இதை உங்கள் மின்னஞ்சலோடு பொருத்திப் பாருங்கள். ‘தகுதி உண்டு’ என்று அவர்களே எழுதிவிட்டார்கள். தகுதியுள்ள ‘சிபி’காரர் பட்டியலின் உச்சியில் இருந்திருக்க வேண்டும். ‘அனுப்பவில்லை’ என்ற முடிவுக்கே இடமில்லை. பட்டியலில் இருக்கும் உங்களைத் தாண்டி, முன்னுரிமை இல்லாத ஒருவரை எடுக்க வேண்டுமென்றாலும் எழுத்தில் காரணம் காட்டி, பாஸ் ஓவர் நடைமுறைப்படி ஒப்புதல் வாங்க வேண்டும். 30 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர் என்றால் அந்தக் காரணத்தை அவருக்கே தெரிவித்து, பதில் சொல்ல 15 நாள் தர வேண்டும்.

இதனால் எல்லாமே உங்கள் பக்கம் என்று ஆகிவிடாது. விண்ணப்பம் முடிந்த தேதியன்று அந்தக் கோப்பில் என்ன இருந்தது? யுஎஸ்ஏஜாப்ஸ் கணக்கில் ஒரு ஆவணத்தை ஏற்றிவைப்பது வேறு, அதைக் குறிப்பிட்ட விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புவது வேறு. கணக்கில் பத்து ஆவணம் இருக்கும், விண்ணப்பத்தோடு போனது ரெஸ்யூமேயும் டிடி-214-உம் மட்டுமாக இருக்கும். இந்தக் கூத்து அடிக்கடி நடக்கிறது. அந்த விண்ணப்பத்தைத் திறந்து, இணைக்கப்பட்ட ஆவணங்களின் பட்டியலும் தேதியும் தெரியும் பக்கத்தை இன்றே பிடிஎஃப் ஆக்குங்கள். வேலை அறிவிப்பையும் முழுசாகச் சேமியுங்கள். அது பிறகு கண்ணில் படாமல் போகலாம். கேள்விப்பட்டியலுக்கு நீங்கள் கொடுத்த பதில்களும் வேண்டும்.

விஏ கடிதம் இணைக்கப்படவில்லை என்று தெரிந்தால் இந்த வழக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. கேட்ட ஆவணத்தைக் கெடுவுக்குள் தராதவர் பக்கம், இந்த முறையீடுகளை விசாரிக்கும் மெரிட் போர்டு (மெரிட் சிஸ்டம்ஸ் புரொடெக்‌ஷன் போர்டு) சாய்வது அபூர்வம். இணைத்திருந்தால் கதை வேறு. பத்துப் புள்ளி கேட்பதற்கான எஸ்எஃப்-15 படிவம் இல்லை, கேட்டதும் ‘டிபி’தானே என்று அவர்கள் தரப்பு வாதிடும். அந்த வாதத்தில் வலு இல்லை என்று சொல்ல மாட்டேன், குறிப்பாக அறிவிப்பிலேயே ‘பத்துப் புள்ளிக்கு எஸ்எஃப்-15 கட்டாயம்’ என்று எழுதியிருந்தால். ஆனால் 10 சதவீதம் என்று விஏ எழுதிய கடிதம் கோப்பிலேயே இருக்கும்போது, அதைப் பார்த்தும் ‘என்வி’ என்று போட்டது எப்படி என்ற கேள்விக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். புகார் போடத் தகுந்த வழக்கு இது என்பது என் கருத்து.

புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையில் ‘வெட்ஸ்’ என்ற பிரிவு. படிவத்தின் எண் 1010. இணையத்திலேயே நிரப்பலாம், கட்டணம் இல்லை. நேரே மெரிட் போர்டுக்குப் போனால், முதலில் தொழிலாளர் துறையிடம் போ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1998-க்கு முன்பு முன்னுரிமை மறுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்குப் போய்க் கேட்க உருப்படியான இடமே இல்லை. அந்த ஆண்டு வந்த சட்டம்தான் இந்த இரண்டு படிகளையும் வைத்தது. படி தவறினால் உள்ளே விட மாட்டார்கள்.

படிவத்தில் உங்கள் நான்கு ஆண்டுத் தியாகத்தைப் பற்றி எழுதாதீர்கள். மனசு அதைத்தான் எழுதச் சொல்லும். விசாரிப்பவருக்கு வேண்டியது வேறு. கிட்டத்தட்ட இப்படி எழுதினால் போதும்: “இன்ன எண்ணுள்ள அறிவிப்புக்கு இன்ன தேதியில் விண்ணப்பித்தேன். பணியால் ஏற்பட்ட 10 சதவீத ஊனத்துக்கு இழப்பீடு பெறுகிறேன், அதற்கான விஏ கடிதம் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அடிப்படைத் தகுதி உண்டு என்று அலுவலகமே தெரிவித்துள்ளது. அப்படியிருந்தும் என்னை முன்னுரிமை இல்லாதவராக வகைப்படுத்தி, மிக உயர்ந்த தரப்பிரிவில் சேர்க்காமல், பட்டியலை அனுப்பிவிட்டார்கள். இது 5 யு.எஸ். கோட் 2108, 3319 ஆகிய பிரிவுகளுக்கு எதிரானது.” அவ்வளவுதான். கோபம் இல்லாத புகார்தான் வேகமாக நகர்கிறது.

வெட்ஸ் பிரிவினர் விசாரிக்க 60 நாள் எடுத்துக்கொள்ளலாம். முடிவு உங்களுக்கு எதிராக வந்தாலோ, அலுவலகம் ஒத்துவராமல் போனாலோ ஒரு கடிதம் வரும். அது கையில் கிடைத்த 15 நாளுக்குள் மெரிட் சிஸ்டம்ஸ் புரொடெக்‌ஷன் போர்டில் முறையீடு செய்ய வேண்டும். பதினைந்து நாள் என்பது இரண்டு வாரமும் ஒரு நாளும். வெளியூர் போயிருந்தால் போச்சு. அதனால் கடிதம் வந்த அன்றே தேதி குறித்துவையுங்கள். 60 நாள் கழிந்தும் பதில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதில்லை, 61-ஆம் நாளிலிருந்து போர்டுக்குப் போகலாம். அப்படிப் போவதாகத் தொழிலாளர் துறைக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை முறையீட்டோடு வைக்க வேண்டும். இந்த நகலை வைக்காமல் அலைந்தவர்கள் உண்டு.

போர்டில் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. நிர்வாக நீதிபதி முதலில் கேட்பது அதிகார வரம்பு: தொழிலாளர் துறையிடம் போய் வந்தாயா, நீ முன்னுரிமைக்கு உரியவனா, எந்தச் சட்டப் பிரிவு மீறப்பட்டது? மூன்றுக்கும் ஆவணத்தோடு பதில் சொன்னால் உள்ளே வந்துவிடுவீர்கள். அதற்குப் பிறகும் நேரடி விசாரணை நடக்கும் என்று நிச்சயமில்லை. உண்மைகளில் தகராறு இல்லையென்றால் காகிதத்தை வைத்தே தீர்ப்பு எழுதிவிடலாம். ஆகவே சாட்சிக் கூண்டில் பேசிக்கொள்ளலாம் என்று எதையும் சேமித்துவைக்காதீர்கள். டிஸ்கவரி என்ற வழியில் எதிர்த்தரப்பிடம் ஆவணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அலுவலகம் கோப்பைத் தாக்கல் செய்யும்படி நீதிபதி உத்தரவிட்ட 30 நாளுக்குள் முதல் கேள்விகளை அனுப்பிவிட வேண்டும். தேர்வு அதிகாரிக்குப் போன பட்டியலை, அதாவது அவர்கள் ‘செர்ட்’ என்று சொல்வதை, மற்றவர்களின் பெயரை மறைத்தாவது கேளுங்கள். யார் எந்தப் பிரிவில் வைக்கப்பட்டார், உங்கள் முன்னுரிமையை யார் எப்போது சரிபார்த்தார் என்ற குறிப்பையும் கேளுங்கள்.

தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் 35 நாளுக்குள் போர்டின் உறுப்பினர்களிடம் மறுஆய்வு கேட்கலாம், அப்புறம் ஃபெடரல் சர்க்யூட். 2017 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை அந்தப் போர்டில் தீர்ப்பு சொல்லப் போதுமான உறுப்பினர்களே இல்லாமல் மறுஆய்வு மனுக்கள் தூசி படிந்து கிடந்தன. கீழே நிர்வாக நீதிபதிகள் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கீழ்ப்படியிலேயே வழக்கை ஒழுங்காக நடத்திவிடுவது நல்லது.

சரி, ஜெயித்தால் வேலை கிடைக்குமா? நேரடியாக இல்லை. சட்டம் உங்களுக்குத் தருவது முன்னுரிமை சரியாகக் கணக்கிடப்பட்ட ஒரு தேர்வை. அந்த நாற்காலியை அல்ல. மீறல் நிரூபணமானால், உங்களைச் சரியான இடத்தில் வைத்து அந்தத் தேர்வை மறுபடி நடத்திப் பார்க்கச் சொல்வதுதான் போர்டின் வழக்கமான உத்தரவு. சரியாக நடத்தியிருந்தால் உங்களைத்தான் எடுத்திருப்பார்கள் என்பதையும் நிரூபித்தால், இழந்த சம்பளம் கிடைக்கும். வேண்டுமென்றே மீறினார்கள் என்று காட்டினால் அதே அளவு தொகை இன்னொரு மடங்காக வரும். வக்கீல் வைத்து ஜெயித்தால் நியாயமான கட்டணத்தையும் அவர்களிடமே கேட்கலாம். உங்கள் வழக்கில் நீங்கள் உச்சிப் பிரிவில் இருந்திருப்பீர்கள் என்பதால் சம்பளம் வரை போக வாய்ப்பு உண்டு. ஆனால் உங்களைப் போலவே இன்னும் இரண்டு ‘சிபி’காரர்கள் அந்தப் பட்டியலில் இருந்திருந்தால் கதை மாறிவிடும். செர்ட்டைப் பார்க்காமல் யாராலும் இதற்குமேல் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இரண்டாவது வேலையை விட்டுவிடுங்கள். மெரிட் புரமோஷன் அறிவிப்பில் முன்னுரிமைப் புள்ளியே கிடையாது. வெளியிலிருந்து வரும் முன்னாள் ராணுவத்தினருக்கு அங்கே இருப்பது போட்டியிடும் உரிமை மட்டும். உங்களைச் சேர்த்தார்கள், பரிசீலித்தார்கள், வேறொருவரை எடுத்தார்கள். மனசு வலிக்கும், ஆனால் மீறல் இல்லை. ‘ஊழியர் அல்லாதவர்’ என்று சொல்லி விண்ணப்பத்தையே ஒதுக்கியிருந்தாலோ, ராணுவத்தில் செய்த சப்ளை வேலையை அனுபவமாகவே எண்ண மாட்டோம் என்றிருந்தாலோ அது தனி வழக்கு. இரண்டும் நடக்கவில்லை. இதையும் முதல் புகாரோடு சேர்த்துக் கட்டினால் பலமான புகார்தான் நீர்த்துப்போகும்.

நண்பர்கள் சொன்னதைப் பற்றி: இஇஓ என்பது இனம், நிறம், பிறந்த நாடு, மதம், பாலினம் போன்ற பாகுபாட்டுக்கு. தமிழ்ப் பெயரைப் பார்த்து ஒதுக்கினார்கள் என்று எண்ண உண்மையிலேயே ஏதாவது காரணம் இருந்தால் அங்கே போகலாம், ஆனால் அந்தக் கெடு 45 நாள். உங்களுக்கு ஒரு வாரம்தான் மிச்சம். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகம் ஒரு விசாரணைக் கடிதம் போடும், ஹெச்ஆரும் மரியாதையாகப் பதில் எழுதும், ஆனால் அந்த 60 நாள் பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருக்கும். யுசெர்ரா என்றும் யாராவது சொல்வார்கள். அது ராணுவப் பணியைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதற்கு எதிரான சட்டம், அதற்கு இந்த 60 நாள் கெடு இல்லை, நேரே போர்டுக்கும் போகலாம். ‘ராணுவக்காரன் வேண்டாம்’ என்று யாரும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. குறியீட்டைத் தவறாகப் போட்டதற்கு யுசெர்ரா மருந்து இல்லை.

வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். விஏ இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்தால் ‘சிவில் சர்வீஸ் பிரிஃபரன்ஸ்’ கடிதம் என்று ஒன்றை இறக்கிக்கொள்ளலாம், இந்த வேலைக்கென்றே தயாரானது. எஸ்எஃப்-15-ஐ நிரப்பி, அதோடு டிடி-214-இன் ‘மெம்பர்-4’ நகலையும் சேர்த்து மூன்றையும் ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 24-ஆம் கட்டத்தில் எந்த விதத்தில் விடுவிக்கப்பட்டீர்கள் என்று இருப்பது மெம்பர்-4-இல்தான், அது இல்லாத சிறு நகலை அனுப்பாதீர்கள். யுஎஸ்ஏஜாப்ஸ் ப்ரொஃபைலில் ‘டிபி’யை எடுத்துவிட்டு ‘சிபி’ என்று மாற்றுங்கள்.

இழப்பீடு பெறும் ஊனமுற்ற முன்னாள் வீரர் என்பதால் விஆர்ஏ என்ற முன்னாள் வீரர்களுக்கான சிறப்பு நியமன வழியில் ஜிஎஸ்-11 வரை போட்டியே இல்லாமல் உங்களை நியமிக்க ஒரு அலுவலகத்தால் முடியும். ராணுவத்தை விட்டு மூன்று வருஷத்துக்குள் என்ற வரம்பு உங்களுக்குப் பொருந்தாது, அது வேறு வகையினருக்கு. நியமிக்கலாம் என்பதுதான் விதி, நியமித்தாக வேண்டும் என்பதல்ல. அதனால் அலுவலகங்களின் முன்னாள் வீரர் வேலைவாய்ப்பு ஒருங்கிணைப்பாளருக்கு நீங்களே ரெஸ்யூமே அனுப்பிக் கேட்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: கடந்த மூன்று ஆண்டுக்குள் போட்டிப் பட்டியலிலிருந்து நிரந்தர நியமனம் நடந்த பதவிக்கு, பத்துப் புள்ளிக்காரர் அறிவிப்பு மூடிய பிறகும் விண்ணப்பம் போடலாம். முடிந்துபோன நியமனத்தை அது கலைக்காது, அதே பதவியை அடுத்து நிரப்பும்போது உங்கள் பெயரும் பார்வைக்கு வரும். உங்களைத் திருப்பி அனுப்பிய அதே அலுவலகத்துக்கு, சரியான ஆவணங்களோடு, இந்த உரிமையைக் குறிப்பிட்டு ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள். புகார் போட்ட இடத்துக்கே எப்படி விண்ணப்பிப்பது என்று கூச்சப்பட வேண்டாம், இரண்டுக்கும் வேறு வேறு மேசை.

விண்ணப்பத்தோடு எந்த ஆவணம் போனது என்ற பக்கத்தையும், அறிவிப்பில் ‘தேவையான ஆவணங்கள்’ என்ற பகுதியையும் எனக்கு அனுப்பினால், எஸ்எஃப்-15 விஷயத்தில் அவர்களின் வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதற்காக 1010-ஐத் தள்ளிப்போடாதீர்கள். அதைப் போட்டுவிட்டு அனுப்புங்கள்.